பதினாலாம் மாடியில் ஒன்றரை அடி

ஜனவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுண்டெலி எழுதுவது. நான் இங்கே சுகம். படி ஏறும்போது முழங்கால் மட்டும் முணுமுணுக்கிறது. அண்ணியின் இருமல் விட்டதா? நீ பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா, இல்லை தலையணைக்கு அடியில் சேர்த்து வைக்கிறாயா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்காதே. போனில் நீ "ம்" கொட்டுவாய். இருபது நிமிஷம் பேசி வைத்தால் என் கையில் ஐம்பது "ம்" நிற்கும். காகிதத்தில் "ம்" என்று மட்டும் எழுதித் தபால்தலை ஒட்ட உனக்கே கூச்சமாக இருக்கும் அல்லவா, அதனால்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். வீடு வாங்கிவிட்டேன். சத்தியமாக. பதினாலாம் மாடி, ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. இப்போதைக்குப் பதினாலாம் மாடி கிடையாது. நாலாம் மாடி வரைக்கும்தான் கம்பி நிற்கிறது. மீதி எல்லாம் காற்று. வேலை முடிந்து திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் நின்று அண்ணாந்து, விரல் விட்டு மாடிகளை எண்ணி, என் வீடு வரப்போகும் இடத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். நேற்று என் சமையலறை வழியாக இரண்டு புறாக்கள் பறந்து போயின. ஒரு வார்த்தை சொல்லாமல் உள்ளே வந்துவிட்டுப் போகின்றன, கழுதைகள்.

பல் செய்யும் லேபில் பதினெட்டு வருஷம் ஊராருக்குப் பல் கட்டிச் சேர்த்ததையெல்லாம் முன்பணமாகக் கொடுத்துவிட்டேன். விலையில் ஐந்தில் ஒரு பங்கு. மீதியை வங்கி தரும். ஒப்புதல் கடிதமும் கொடுத்துவிட்டார்கள். ஒப்பந்தத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். வங்கிகளுக்காக ஊரார் வீட்டையெல்லாம் மதிப்புப் போடுகிறவன் நீ, உன் தங்கை வீட்டுக் காகிதத்தையும் ஒரு தடவை படித்துப் பார். கையெழுத்துப் போட்டாகிவிட்டது, சும்மா ஒரு திருப்திக்குத்தான்.

நாற்பத்தி நாலு வயதில் முதல் தடவையாக ஒரு சுத்தியல் வாங்கினேன் அண்ணா. அம்மாவோடு இருந்த பதினொரு வாடகை வீட்டிலும் ஆணி அடிக்கக் கூடாது என்பது ஒன்றுதான் பொதுச் சட்டம். அங்கே போனதும் முதல் வேலை ஆணி அடிப்பது. எதை மாட்டுவது என்று பிறகு யோசித்துக்கொள்ளலாம்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

உன்
சுண்டெலி


ஜனவரி 30

சுண்டெலிக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணிக்கு இருமல் நின்றுவிட்டது. மாத்திரையைப் போடுகிறேன். உன் முழங்காலை ஒரு தடவை டாக்டரிடம் காட்டு.

ஒப்பந்தம் நாற்பது பக்கத்தையும் படித்தேன். நன்றாக இருக்கிறது.

வங்கியின் ஒப்புதல் கடிதத்தில் ஆறு மாதம் என்று ஒரு வரி இருக்கும். தேதியைப் பார்த்து வைத்துக்கொள். கட்டடத்துக்கு எதிரே என்ன இருக்கிறது என்று எழுது.

அண்ணி உன் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்ததாக எழுதச் சொன்னாள். வீடு என்று கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் சந்தோஷம்தான்.

அண்ணன்


மார்ச் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை ஐந்து தடவை படித்தேன். மொத்தமே பத்து வரி, அதில் "எனக்கும் சந்தோஷம்தான்" என்று ஒரு முழு வரி. உனக்கு ஜுரம் எதுவும் இல்லையே? நான் நலம். டாக்டரிடம் போனேன், எடையைக் குறைக்கச் சொல்லி என் வாயை அடைத்து அனுப்பிவிட்டார்.

எதிரே என்ன என்று கேட்டாய். ஆள் உயரத்துக்குப் புல். அதற்கு அந்தப் பக்கம் ஆறு. கம்பெனி கொடுத்த படத்தில் அந்தப் புல் இருக்கும் இடத்தில் பூங்கா போட்டு, அதில் ஒரு நாய்க்குட்டியையும் ஓட விட்டிருக்கிறார்கள்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டுச் சிரிக்காதே. என் அறைக்கு வெளியே மொட்டை மாடி இருக்கிறது அல்லவா, அங்கே சாக்பீஸால் என் வீட்டை வரைந்துவிட்டேன். வரைபடத்தில் உள்ள அளவு அப்படியே, ஓர் அங்குலம் பிசகாமல். ஹால் பதினெட்டு அடிக்குப் பதினொன்று. ஜன்னல் எங்கே, கதவு எந்தப் பக்கம் திறக்கும், எல்லாம் கோடு. லேபிலிருந்து வந்ததும் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் என் ஹாலில் உட்கார்ந்து டீ குடிக்கிறேன். அங்கிருந்து சமையலறைக்குப் போக வேண்டுமானால் கதவைச் சுற்றித்தான் போகிறேன். சுவருக்குள் நடக்க மனசு வரமாட்டேன் என்கிறது.

கீழ்வீட்டு அம்மாவின் துணிக்கொடி என் படுக்கையறைக்கு நடுவில் போகிறது. முதல் நாள், என்ன கோலம் இது என்று முறைத்தார். இப்போது பக்கெட்டோடு வந்து கோட்டுக்கு வெளியே நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்கிறார். வாங்க என்றால்தான் காலை எடுத்து வைக்கிறார். பக்கத்து வீட்டுப் பூனைக்கு அந்த மரியாதை கிடையாது, நேரே சமையலறைதான்.

கம்பெனி எனக்குப் பரிசுகள் தருகிறது தெரியுமா? குளிர்சாதனப் பெட்டி, அலமாரிகள், முதல் வருஷத் தவணை முழுக்க அவர்களே கட்டுகிறார்களாம். இவ்வளவு நல்லவர்கள் கட்டடம் கட்டும் தொழிலுக்கு எப்படி வந்தார்கள் என்றே புரியவில்லை.

நீயும் அண்ணியும் வந்து என் ஹாலில் நடந்து பார்க்க வேண்டும். பதினெட்டு அடி நடந்து முடிக்கவே நேரமாகும்.

உன்
சுண்டெலி


ஏப்ரல் 2

சுண்டெலிக்கு,

இருவரும் நலம். சிரிக்கவில்லை. அண்ணி சிரித்தாள், பிறகு அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துத் தன் அலமாரியில் வைத்துக்கொண்டாள்.

பரிசுகளைப் பற்றி எழுதியிருந்தாய். எங்கள் வேலையில் அவற்றையெல்லாம் கழித்துவிட்டுத்தான் பார்ப்போம். பரிசுக்கான காசு விலைக்குள்ளேயே இருக்கும். சரி விடு, தொழில் புத்தி, எங்கே போனாலும் கூடவே வருகிறது. நீ கண்டுகொள்ளாதே.

நான் இன்னும் இரும்பு டேப்பால்தான் அளக்கிறேன். ஆபீஸில் எல்லோரிடமும் சிவப்பு வெளிச்சம் அடிக்கும் கருவி இருக்கிறது, பொத்தானை அமுக்கினால் அளவு வந்துவிடும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தனியாகப் போவதால் டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் கிடையாது. ஒரு ஷூவைக் கழற்றி அதன் மேல் வைத்துவிட்டு மறுபக்கம் போவேன். ஆபீஸில் எனக்கு ஒத்தைஷூ என்று பெயர். சாக்ஸில் ஓட்டை விழுகிறது என்று அண்ணிக்குக் கோபம்.

அடிக்கடி வெளியூர் போக வேண்டியிருக்கிறது. அந்தந்த ஊர் ஆளை அந்தந்த ஊருக்கு அனுப்புவதில்லை. தெரிந்தவர், சொந்தக்காரர் என்று வந்துவிடும் என்று பயம்.

போன வாரம் ஒரு கனவு வந்தது. உன் ஹாலில் நடக்கிறேன். வெறும் கோடுதான், ஆனால் காலடிச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்புகிறது. நடக்க நடக்க எதிர்ச்சுவர் வரவே இல்லை. விழித்த பிறகும் கொஞ்ச நேரம் நன்றாக இருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஜூன் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதினால் நீ முகம் சுளிப்பாய். ஆகவே நேராகக் கேட்கிறேன், ஏன் எழுதவில்லை? அண்ணி நன்றாகத்தானே இருக்கிறார்?

மழை வந்து என் வீட்டை இரண்டு தடவை அழித்துவிட்டது. மூன்றாவது தடவை வரைந்திருக்கிறேன். இப்போது அளக்காமலே கை தானாகப் போகிறது.

கட்டடமும் மழையால் மூன்று மாதம் தள்ளிப்போயிற்று. வங்கி ஒப்புதலுக்கு ஆறு மாதம்தான் என்று நீ சொன்னது சரி, அது அடுத்த மாதம் காலாவதியாகிவிடும். போய்க் கேட்டேன். மேஜையில் இருந்த பெண் சிரித்த முகமாக, "கட்டி முடிச்சதும் ஒரு தடவை மதிப்புப் போட்டுட்டு புதுசா குடுப்போம் மேடம். சும்மா ஒரு சம்பிரதாயம்தான்" என்றாள். அவளுடைய கீழ் வரிசையில் ஒரு பல் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, ஆனால் அழகாகத்தான் இருக்கிறது.

சம்பிரதாயம்தானே அண்ணா?

எதிரே புல்லையெல்லாம் வெட்டிவிட்டார்கள். காலையிலிருந்து ஒரு இயந்திரம் டம் டம் என்று மண்ணுக்குள் தூண் இறக்குகிறது. பூங்காவுக்கு எதற்கு இவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை. மரம் பெரியதாக வைப்பார்கள் போலிருக்கிறது.

ஆனால் என் மாடி வந்துவிட்டது. காற்று இருந்த இடத்தில் இப்போது ஒரு சாம்பல் நிறத் தளம். புறாக்கள் சுற்றிக்கொண்டு போகின்றன. பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்தபோது அழுகை வந்தது. பக்கத்தில் நின்றவர் பஸ் போய்விட்டதற்கு அழுகிறேன் என்று நினைத்து, "அடுத்தது பத்து நிமிஷத்துல வந்துடும்மா" என்று ஆறுதல் சொன்னார்.

பதில் போடு.

உன்
சுண்டெலி


ஜூலை 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

போன கடிதத்துக்கே பதில் இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன். இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கட்டடத்துக்குப் போனேன். பத்தாம் மாடி வரை பூச்சு முடிந்துவிட்டது. அதற்கு மேலே ஏற விடமாட்டேன் என்று வாட்ச்மேன் மறித்தார். நல்ல மனுஷன், சும்மா திருப்பி அனுப்ப மனமில்லாமல் ஒரு கதை சொன்னார். போன வாரம் ஒன்பதாம் மாடி வீட்டை மதிப்புப் போட வங்கி சார்பில் ஒருவர் வந்தாராம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"ஒரு கால்ல மட்டும் ஷூ மேடம். இன்னொன்னைக் கழட்டி டேப்பு மேல வச்சிட்டு, அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடக்குறாரு. ஒரு தடவை அளந்தாரு, ரெண்டு தடவை அளந்தாரு, நாலு தடவை அளந்தாரு. அப்புறம் ஜன்னல்கிட்ட ரொம்ப நேரம் நின்னாரு. கீழ வந்தப்புறம்தான் ஷூவை மேலயே விட்டுட்டு வந்தது தெரிஞ்சுது. நான்தான் போயி எடுத்துட்டு வந்து குடுத்தேன்."

விழுந்து விழுந்து சிரித்தோம். சாக்ஸில் ஓட்டை இருந்ததா என்ற கேள்வி வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

உன்னைப் போலவே இன்னொருவர் உலகத்தில் இருக்கிறார் பார்.

நான் இப்போது இருக்கும் இடம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து பத்து நிமிஷம். இந்த ஊர்ப் பக்கம் உனக்குத் தெரிந்தவர்கள் யாராவது வந்தால் சொல்லி அனுப்பு. டீயாவது கொடுப்பேன்.

சுண்டெலி


ஆகஸ்ட் 20

சுண்டெலிக்கு,

இரண்டு கடிதங்களும் கிடைத்தன. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம். எனக்கும் கொஞ்சம் உடம்பு சரியில்லை, இப்போது பரவாயில்லை.

அவசரப்பட்டுத் திரைச்சீலை, கட்டில் என்று எதுவும் வாங்காதே. கையில் இருப்பதைக் கையிலேயே வை.

ஒப்பந்தத்தின் நகலைப் பத்திரமாக வைத்திருக்கிறாயா?

அண்ணி உன் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறாள். இளஞ்சூட்டில் தடவ வேண்டுமாம்.

அண்ணன்


செப்டம்பர் 9

அண்ணாவுக்கு,

தைலம் வந்தது. அண்ணிக்கு என் அன்பு.

கட்டடம் முடிந்துவிட்டது, மீதிப் பணத்தைக் கட்டி வீட்டை எடுத்துக்கொள் என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அறுபது நாள் கெடு. நவம்பர் ஐந்தாம் தேதிக்குள் கட்டாவிட்டால் ஒப்பந்தம் ரத்து, முன்பணம் அவர்களுக்கு.

அதே வாரம் வங்கியிலிருந்தும் கடிதம். அந்தக் கட்டடத்தில் ஒன்பதாம் மாடிக்குப் போட்ட மதிப்பையே அதே வரிசையில் உள்ள எல்லா வீட்டுக்கும் எடுத்துக்கொள்கிறார்களாம். நான் ஒத்துக்கொண்ட விலையைவிட அது குறைவு. ஆகையால் கடனும் குறைவு. திருகின பல்லுக்காரி இந்தத் தடவை சிரிக்கவில்லை. "நாங்க என்ன மேடம் செய்யறது, மதிப்பு அவ்வளவுதான் வந்திருக்கு" என்றாள்.

எனக்குச் சரியாகப் புரியவில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் அவ்வளவு விலை இருந்த வீடு, கட்டி முடித்த பிறகு எப்படிக் குறையும்? உன் தொழில் இதுதானே, எனக்கு விளக்கிச் சொல். வேறு யாரிடமும் கேட்க எனக்கு இஷ்டமில்லை.

சாயந்திரம் மாடிக்குப் போகவில்லை. கீழ்வீட்டு அம்மா கோட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் துணியோடு இறங்கிப் போய்விட்டார்.

சுண்டெலி


செப்டம்பர் 16

என் சுண்டெலிக்கு,

விளக்கச் சொன்னாய். விளக்குகிறேன்.

உன் வீட்டின் விலை நூறு ரூபாய் என்று வைத்துக்கொள். நீ இருபது கொடுத்தாய், வங்கி எண்பது தருவதாக இருந்தது. ஆனால் வங்கி நூற்றுக்கு எண்பது தருவது விலையில் அல்ல, மதிப்பில். மதிப்பு எண்பத்தி நாலு என்று வந்தால் கடன் அறுபத்தி ஏழுதான். நடுவில் பதின்மூன்று ரூபாய் பள்ளம். அதை நீ கையிலிருந்து போட வேண்டும். கட்டாத வீட்டை வாங்கும்போது அதற்கு யாராலும் மதிப்புப் போட முடியாது. படத்துக்குத்தான் விலை கொடுக்கிறோம். கட்டி முடிந்ததும் பரிசுகளைக் கழிப்பார்கள். எதிரே வருவது பூங்கா அல்ல, இருபது மாடி. அதற்கும் கழிப்பார்கள். அந்தக் கட்டடத்தில் மட்டும் முப்பது வீடு மறுவிற்பனைக்கு நிற்கிறது, அதற்கும்.

அந்த எண்பத்தி நாலை எழுதியவன் நான்.

ஆபீஸில் அந்த முகவரியில் என் பெயரைப் போட்டபோது, அங்கே என் தங்கை வாங்கியிருக்கிறாள், நான் போகக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. வாயைத் திறக்கவில்லை. வேறு யாராவது போனால் குறைத்துவிடுவான், நான் போனால் பார்த்துப் போடலாம் என்று நினைத்தேன். தொண்ணூற்றி எட்டு என்ற எண்ணை ரயிலிலேயே முடிவு செய்துகொண்டு வந்தேன்.

ஹாலை அளந்தேன். பதினாறரை அடி வந்தது. டேப் மடங்கியிருக்கும் என்று மறுபடி அளந்தேன். நாலு தடவையும் பதினாறரைதான். நீ மாடியில் நடந்துகொண்டிருந்த பதினெட்டு அடி அங்கே இல்லை. ஜன்னலில் நின்றேன், எதிரே தூண்கள். தொண்ணூற்றி எட்டு என்று எழுதினால் நீ சந்தோஷமாக உள்ளே போவாய். போய், இல்லாத ஒன்றரை அடிக்கும் இல்லாத ஆற்றுக்கும் இருபத்தைந்து வருஷம் தவணை கட்டுவாய். கை வரவில்லை. உனக்காகத்தான் போனேன், உனக்கு எதிராக எழுதிவிட்டு வந்தேன்.

வேலை முடிந்து உன் தெரு முனை வரைக்கும் வந்தேன். மாடியில் நீ குனிந்து, முழங்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கோடு போட்டுக்கொண்டிருந்தாய். கூப்பிடாமலே திரும்பிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜனவரியில் நாற்பது பக்கத்தையும் படித்தபோதே இந்தப் பள்ளம் வரலாம் என்று எனக்குத் தெரிந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டாளே, சந்தோஷமாக இருக்கிறாளே என்று "நன்றாக இருக்கிறது" என்று எழுதினேன். உன்னிடம் நான் சொன்ன பெரிய பொய் அதுதான்.

முப்பத்தி ஒன்றாம் பக்கத்தை எடு. வாக்களித்த பரப்பைவிட நூற்றுக்கு மூன்றுக்கு மேல் குறைந்தால் வாங்குபவர் விலகலாம், முன்பணம் முழுதும் திரும்பும் என்று இருக்கிறது. ஒன்பதாம் மாடியில் நாலுக்கு மேல் குறைகிறது. உன்னுடையதும் அதே வரிசை. வீட்டை விட மனமில்லை என்றால், என் வருங்கால வைப்பு நிதியில் கொஞ்சம் இருக்கிறது, அண்ணியும் சரி என்கிறாள்.

நீ திட்டி எழுது. அதுவாவது எழுது.

அண்ணன்


அக்டோபர் 21

சுண்டெலிக்கு,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. போனையும் எடுக்க மாட்டேன் என்கிறாய். கீழ்வீட்டு அம்மாவிடம் போனில் கேட்டேன், வேலைக்குப் போய் வருகிறாள், சாப்பிடுகிறாள் என்றார். அது போதும்.

ஆபீஸில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மேனேஜர் கத்தவில்லை, கத்தியிருக்கலாம். இனி எனக்கு வெளிவேலை கிடையாது, மேஜையில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்க்க வேண்டும். என் அறிக்கையை ரத்து செய்துவிட்டு வேறொருவரை அனுப்பினார்கள். அவர் சிவப்பு வெளிச்சக் கருவியோடு போய்விட்டு எண்பத்தி இரண்டு என்று எழுதியிருக்கிறார். பரப்பு மட்டும் எனக்கு வந்த அதே அளவுதான். டேப்புக்கு மரியாதை மிஞ்சியது.

அந்த அளவைக் கேட்டால் வங்கியே எழுத்தில் கொடுக்கும். என் பெயர் அதில் எங்கும் வராது, தைரியமாகக் கேள்.

நீ எனக்கு எழுதாவிட்டாலும் பரவாயில்லை. நவம்பர் ஐந்தை மட்டும் விட்டுவிடாதே. முழங்காலுக்குத் தைலம் தடவு.

அண்ணன்


நவம்பர் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாகத்தான் இருக்கிறேன். அண்ணிக்குத் தைலத்துக்கு நன்றி சொல், முழங்கால் வாயை மூடிக்கொண்டது.

நீ பெரிய ரகசியம் சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். வாட்ச்மேன் "ஒரு கால்ல மட்டும் ஷூ" என்று ஆரம்பித்த அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். நீயே வாயைத் திறந்து சொல்வாய் என்று காத்திருந்தேன். தைலம்தான் வந்தது.

உன் கடிதத்தைப் படித்த மறுநாள் கட்டடத்துக்குப் போனேன். இந்தத் தடவை வாட்ச்மேன் மறிக்கவில்லை, கூடவே மேலே வந்தார். லிப்ட் கதவு திறந்ததும் என் காற்று இருந்த இடத்தில் நின்றேன். சுவர் இருந்தது, தொட்டுப் பார்த்தேன். ஜன்னல் இருந்தது. எதிரே ஐந்து மாடி எழும்பியிருந்தது, ஆறு ஒரு விரற்கடை மட்டும் தெரிந்தது. லேபில் கடன் கேட்டு வாங்கிய டேப்பை விரித்தேன். மறுமுனை நிற்கவில்லை. என் செருப்பைக் கழற்றி அதன் மேல் வைத்துவிட்டு நடந்தேன். வாட்ச்மேன் என்னையும் என் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், "அவரு உங்களுக்கு என்ன வேணும் மேடம்?" என்று கேட்டார்.

"கூடப் பொறந்தவரு" என்றேன்.

பதினாறரை அடி. மொட்டை மாடியில் எனக்குப் பழகிப்போன நடை, சுவரில் போய் முட்டியது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன் அண்ணா. உன் மேல் உள்ள கோபத்தில் அல்ல. அந்த வீட்டில் நான் ஆறு மாதம் குடியிருந்துவிட்டேன், அதைக் காலி செய்வது போல இருந்தது. வாட்ச்மேன் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பிறகு வங்கியில் அளவை எழுத்தில் வாங்கிக்கொண்டு, நவம்பர் ஐந்துக்கு முன்னாலேயே கம்பெனிக்குப் போனேன். அங்கே இருந்தவருடைய முன்பல் இரண்டும் எங்கள் லேப் வேலை, ஆகையால் பயமே வரவில்லை. விலையில் நாலு குறைக்கிறோம் என்றார். உன் நூறு ரூபாய்க் கணக்கை அவர் மேஜையிலேயே போட்டுக் காட்டி, அப்போதும் பள்ளம் மூடவில்லை என்றேன். முப்பத்தி ஒன்றாம் பக்கத்தைத் திறந்து வைத்தேன். நாலு தடவை அலைய விட்டார்கள். போன வியாழக்கிழமை முன்பணம் முழுதும் வந்துவிட்டது. உன் வைப்பு நிதியைத் தொடாதே, அது அண்ணிக்கு.

நீ எனக்கு எதிராக எழுதினாய் என்று எழுதியிருந்தாய். தொண்ணூற்றி எட்டு என்று எழுதியிருந்தால் நான் இந்நேரம் உனக்கு நன்றி சொல்லிக்கொண்டு அந்தச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருப்பேன். அந்த எண்ணுக்காக உன் மேல் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை. "நன்றாக இருக்கிறது" என்று எழுதியதற்குக் கொஞ்சம் உண்டு. ஆனால் பத்து வாரம் நான் மூச்சுக் காட்டாமல் இருந்ததற்குக் காரணம் இவை இரண்டும் இல்லை. தெரு முனை வரை வந்தாய். நான் குனிந்து கோடு போடுவதைப் பார்த்தாய். ஒரு குரல் கொடுத்திருந்தால் நிமிர்ந்திருப்பேன். என் கையால் ஒரு வாய் டீ குடிக்காமல், ஒரு வேளை சாப்பிடாமல், கூடப் பிறந்தவன் என் தெருவிலிருந்து திரும்பிப் போனான் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மழை பெய்து மாடியில் எல்லாக் கோடும் போய்விட்டது. மறுபடி வரையவில்லை. கீழ்வீட்டு அம்மா மட்டும் பழக்க தோஷத்தில் இன்னும் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் உள்ளே வருகிறார்.

லேபுக்குப் பின்னால் மூன்றாவது தெருவில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன். முதல் மாடி, பழசு, சமையலறைக் கதவு உரசுகிறது. ஆனால் இப்போதே இருக்கிறது. சுவரைத் தட்டிப் பார்த்தேன், தட்டின இடத்தில் சத்தம் வந்தது. சுத்தியல் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. நீ வந்து சரி என்று சொல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே சொல், "ம்" கொட்டாதே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணியோடு வா. முதலில் சாப்பாடு, பிறகுதான் வீடு. உன் இரும்பு டேப்பை மறக்காமல் எடுத்து வா. ஷூவைக் கழற்ற வேண்டாம். ஒரு முனையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

உன்
சுண்டெலி